நூறு சிசி பைக்குக்கு 10டபிள்யூ-30 எஞ்சின் ஆயில்: எதை வாங்கலாம், எப்போது மாற்றலாம்

ஆயில் மாற்றப் போனால் மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஆயில் ஊத்தட்டும்?" நம்மில் பலர் சொல்லும் பதில், "நல்லதா ஒண்ணு ஊத்துங்கண்ணே." பெட்ரோல் லிட்டருக்கு ஐம்பது பைசா ஏறினாலே கவனிக்கிறவர்கள்கூட, எஞ்சினுக்குள் போகிற அந்த ஒரு பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. வண்டி பதினைந்து வருஷம் சத்தமில்லாமல் ஓடுமா, ஆறாவது வருஷமே சிலிண்டரைக் குடைந்து சரிசெய்யும் ரீபோர் வேலைக்கு வருமா என்பதில் பெரும்பங்கு அந்த பாட்டிலுக்கு உண்டு.

இங்கே முக்கியமாக எடுத்துக்கொண்டிருப்பது ஹீரோ உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் ஹீரோ 4டி ப்ளஸ், 10டபிள்யூ-30, 900 மில்லி பாட்டில். ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளுக்கு நிறுவனமே சொல்லும் ஆயில் இது. கூடவே பெட்ரோல் பங்க்கிலும் கடைகளிலும் பரவலாகக் கிடைக்கும் சர்வோ 4டி, காஸ்ட்ரால் ஆக்டிவ் போன்ற 20டபிள்யூ-40 ஆயில்களையும், மோட்டூல் 7100 போன்ற முழு சிந்தெட்டிக் ஆயிலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தினமும் வேலைக்குப் போய்வரும் நூறு சிசி வண்டிக்கு நிறுவனம் சொன்ன கிரேடில், கச்சா எண்ணெயிலிருந்து வரும் சாதாரண மினரல் ஆயிலே போதும். கூடுதலாகச் செலவழிக்க மனமிருந்தால், அந்தப் பணத்தை விலை உயர்ந்த பாட்டிலில் போடாமல், ஆயிலைச் சீக்கிரம் மாற்றுவதில் போடுங்கள்.

அந்த 900 மில்லி என்ன வேலை செய்கிறது

காரில் எஞ்சினுக்கு ஒரு ஆயில், கியர் பாக்ஸுக்கு வேறொன்று. கிளட்ச் காய்ந்த நிலையில் தனியாக இருக்கும். நம் ஊரில் ஓடும் கியர் பைக்குகளில் மூன்றுக்கும் ஒரே ஆயில். பிஸ்டனும், அது ஏறி இறங்கும் சிலிண்டரின் உட்சுவரான போரும் உரசாமல் காப்பது, கியர் பற்களுக்கு இடையே நசுங்காமல் நிற்பது, கிளட்ச் பிளேட்டுகளை நனைத்து வைத்தும் அவை வழுக்காமல் பார்த்துக்கொள்வது, இவை எல்லாமே அந்த ஒரு லிட்டருக்கும் குறைவான எண்ணெயின் பொறுப்பு.

ஸ்ப்ளெண்டரின் 97.2 சிசி எஞ்சினில் போரின் விட்டம் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 49.5 மில்லிமீட்டர். எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுழன்றால் பிஸ்டன் அந்த ஒரு நிமிடத்தில் 10,000 தடவை நின்று திரும்புகிறது. திரும்பும் அந்தக் கணத்தில் வேகம் பூஜ்யம் என்பதால் எண்ணெய்ப் படலம் மிக மெலிந்துபோகும். போரின் மேல் பகுதியில் தேய்மானம் அதிகமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு வேலை சூட்டை வாங்குவது. இவை காற்றில் குளிரும் எஞ்சின்கள். சென்னை சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் சிலிண்டர் துடுப்புகளில் காற்றே படாது. சூடெல்லாம் ஆயிலுக்குத்தான் போகும். எண்ணெய் எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு வேகமாக ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும். வெப்பம் ஒவ்வொரு பத்து டிகிரி கூடும்போதும் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது எண்ணெய்த் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. கிராமத்து நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியின் ஆயிலைவிட நகரத்து வண்டியின் ஆயில் சீக்கிரம் கருத்துத் தளர்வதன் காரணம் புரிந்திருக்கும்.

பாட்டிலுக்குள் இருப்பது

கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் பிரிந்த பிறகு அடியில் ஒரு கனமான பகுதி மிஞ்சும். அதை வெற்றிடத்தில் மறுபடி காய்ச்சி வடித்தால் மசகு எண்ணெய்க்கான பகுதி வரும். அதற்கும் அடியில் தங்குவது தார். வண்டி ஓடும் ரோடு அதில்தான் போடப்படுகிறது. மசகுப் பகுதியிலிருந்து மெழுகைப் பிரித்தெடுத்தால்தான் எண்ணெய் குளிரில் உறையாமல் இருக்கும். அப்படிப் பிரிந்த பாரஃபின் மெழுகு மெழுகுவர்த்திக்கும், சிவகாசித் தீக்குச்சியின் முனை நன்றாகப் பற்றிக்கொள்வதற்கும் போகிறது. சென்னைக்குப் பக்கத்தில் 1969 முதல் இயங்கும் மணலி சுத்திகரிப்பு ஆலையில் எரிபொருளோடு, மெழுகு நீங்கிய இந்த மசகு எண்ணெயும் (இதைத்தான் அடிப்படை எண்ணெய் என்கிறார்கள்) மெழுகும் தயாராகின்றன. வீட்டு வாசலில் நிற்கும் ஒரு பைக்கின் தொட்டியில் ஊற்றுவது, எஞ்சினில் ஊற்றுவது, டயருக்கு அடியில் கிடப்பது எல்லாமே ஒரே பீப்பாயின் வெவ்வேறு உயரங்களிலிருந்து வந்தவை.

அடிப்படை எண்ணெயை ஐந்து குரூப்பாகப் பிரிக்கிறார்கள். குரூப் 1 பழைய முறையில் சுத்தமானது, கந்தகம் 0.03 சதவீதத்துக்கு மேல் இருக்கலாம். குரூப் 2 ஹைட்ரஜன் செலுத்திச் சுத்தமாக்கியது. குரூப் 3 அதே முறையில் இன்னும் கடுமையாகச் சுத்தமாக்கியது. சூட்டில் மெலிவது இதில் குறைவு. குரூப் 4 என்பது பிஏஓ, ஆலையில் மூலக்கூறாகக் கட்டி எழுப்பிய எண்ணெய். எஸ்டர் உள்ளிட்ட மற்றவை குரூப் 5. இதில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. பாட்டிலில் "சிந்தெட்டிக்" என்று இருந்தால் உள்ளே இருப்பது பிஏஓ என்று நினைத்துவிடக் கூடாது. குரூப் 3 எண்ணெயையும் சிந்தெட்டிக் என்றே விற்பது பல நாடுகளில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். எண்ணெய் மட்டமானது என்று இதற்கு அர்த்தமில்லை. விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறோம்.

அடிப்படை எண்ணெயோடு சேரும் மருந்துகள்தான் மீதி. கசடைத் தூக்கி மிதக்கவைக்கும் டிடர்ஜென்ட், நுரை அடக்கும் சிலிகான், உலோகத்தின் மேல் காப்புப் படலம் போடும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம், சூட்டில் மெலியாமல் தாங்கும் பாலிமர். பைக்கில் இந்தப் பாலிமருக்குத்தான் ஆபத்து. கியர் பற்கள் அதன் நீளமான சங்கிலிகளை வெட்டி வெட்டிக் குட்டையாக்கிவிடும். மாற்றும் தேதி நெருங்க நெருங்க ஆயில் தண்ணியாகி, கியர் "டக்" என்று விழுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

லேபிளில் பார்க்க வேண்டியவை

முதலில் 10டபிள்யூ-30. பின்னால் வரும் 30 என்பது எஞ்சின் சூடான நிலைக்கானது: 100 டிகிரியில் பாகுத்தன்மை, அதாவது எண்ணெயின் கெட்டித்தன்மை, 9.3-க்கும் 12.5 சென்டிஸ்டோக்குக்கும் இடையே இருக்க வேண்டும். 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. முன்னால் உள்ள 10டபிள்யூ குளிருக்கானது. இதைச் சோதிப்பது மைனஸ் 25 டிகிரியில். ஊட்டியின் உறைபனிக் காலையிலும் அந்தக் குளிர் வராது. பிறகு நமக்கு இது எதற்கு என்று கேட்கலாம். மதுரையில் 28 டிகிரி காலையிலும் 20டபிள்யூ-40-ஐவிட 10டபிள்யூ-30 மெல்லியதுதான். கிக்கரை உதைத்ததும் பம்ப் அதைச் சீக்கிரம் மேலே தூக்கிவிடும். எஞ்சினில் கடைசியாக எண்ணெய் சேரும் இடம் தலைப்பகுதியில் உள்ள கேம் ஷாஃப்டும் ராக்கர் ஆர்மும். ஸ்டார்ட் செய்ததும் வரும் "கடகட" சத்தம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

அடுத்தது அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐ-யின் தர எழுத்து. எஸ்ஜே, எஸ்எல், எஸ்எம், எஸ்என், எஸ்பி என்று எழுத்து போகப்போகப் புதியது. எஸ்எல் 2001-இல் வந்தது, எஸ்என் 2010-இல். காருக்குப் புதிய எழுத்து நல்லது. பைக்குக்கு அது மட்டுமே அளவுகோல் ஆகாது, அதைவிட முக்கியமானது மூன்றாவது குறி.

அது ஜாசோ. ஜப்பானியர்கள் இரு சக்கர வண்டிக்கென்றே வகுத்த தரம். எம்ஏ, எம்ஏ1, எம்ஏ2 என்றால் ஆயிலில் நனைந்த கிளட்ச் பிடித்து நிற்கும் அளவுக்கு உராய்வு இருக்கிறது. எம்பி என்றால் உராய்வைக் குறைத்திருக்கிறார்கள். கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டருக்கு ஏற்றது. கியர் பைக்கில் எம்பி ஆயிலோ, உராய்வு குறைப்பான் கலந்த கார் ஆயிலோ ஊற்றினால் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறும், வண்டி நகராது. பிறகு சரியான ஆயிலுக்கு மாறினாலும் எரிந்துபோன பிளேட் திரும்பி வராது. வீட்டில் கார் ஆயில் மீதமிருக்கிறது என்று பைக்கில் ஊற்றுவது வேண்டவே வேண்டாம்.

ஹீரோ 4டி ப்ளஸ் பாட்டிலில் 10டபிள்யூ-30, எஸ்எல், ஜாசோ எம்ஏ மூன்றும் இருக்கின்றன. ஸ்ப்ளெண்டர் வகை எஞ்சினுக்குத் தேவையானது அவ்வளவுதான்.

ஓட்டத்தில் எப்படி

புது ஆயில் ஊற்றிய முதல் ஆயிரம் கிலோமீட்டரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கியர் மெத்தென்று விழுகிறது, நியூட்ரல் எளிதாகக் கிடைக்கிறது, ஐடிலிங் சீராக இருக்கிறது. 20டபிள்யூ-40 ஊற்றிய அதே வண்டியோடு ஒப்பிட்டால் காலை முதல் ஸ்டார்ட்டில் சுழல்வது இலகுவாகத் தெரியும்.

இரண்டாயிரத்தைத் தாண்டியதும் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும், நகரத்து ஓட்டத்தில் இன்னும் சீக்கிரமே. முதலிலிருந்து இரண்டாவது கியருக்குப் போகும்போது ஒரு முரட்டுத்தனம், சிக்னலில் நிற்கும்போது நியூட்ரல் சிக்காமல் போவது, டைமிங் செயின் பக்கம் லேசான இரைச்சல். மூவாயிரத்தில் இவை தெளிவாகிவிடும். மினரல் 10டபிள்யூ-30 ஆயிலின் இயல்பு இது. அதைப் பழுது என்று எண்ணி கிளட்ச் கேபிளை முறுக்கவோ டப்பெட்டைப் பிரிக்கவோ கிளம்பாதீர்கள். முதலில் ஆயிலை மாற்றிப் பாருங்கள்.

20டபிள்யூ-40 மினரல் ஆயில்களுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அடிப்படை எண்ணெயே கெட்டியானது என்பதால் பாலிமர் குறைவாகவே போதும். கியரில் வெட்டுப்பட்டு மெலிவதும் குறைவு. பழைய நூறு சிசி வண்டிகள் பலவற்றின் கையேட்டிலேயே 20டபிள்யூ-40 என்றுதான் இருக்கும். எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடி, போருக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி கூடிப்போய், மெல்லிய ஆயில் ஊற்றினால் அளவு குறைந்துகொண்டே வருகிற வண்டிக்கும் இது உதவும். ஆனால் 10டபிள்யூ-30-க்கென்றே வடிவமைத்த புது வண்டியில், "நம்ம ஊர் சூட்டுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்" என்று சொல்லி இதை ஊற்றுவது சரியல்ல. பம்ப் இழுப்பதற்கு வேலை கூடும், மைலேஜ் சற்றுக் குறையும், குளிர்ந்த ஸ்டார்ட்டில் தலைப்பகுதிக்கு எண்ணெய் தாமதமாகப் போகும். பஜாஜின் பல மாடல்களுக்கு 20டபிள்யூ-50, ராயல் என்ஃபீல்டு 350-க்கு 15டபிள்யூ-50 என்று நிறுவனங்களே கெட்டியான கிரேடைச் சொல்கின்றன. அந்த வண்டிகளில் 10டபிள்யூ-30 ஊற்றுவதும் அதே அளவு தவறு. உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும் எண்தான் எண்.

முழு சிந்தெட்டிக் பற்றி வேறு மாதிரி யோசிக்க வேண்டும். மோட்டூல் 7100 போன்றவை எஸ்டர் கலந்த, எம்ஏ2 தரத்திலான நல்ல ஆயில்கள். சூட்டைத் தாங்கும், கியர் மென்மை நீண்ட நாள் நிற்கும், கசடு குறைவு. நிமிடத்துக்கு ஒன்பதாயிரம் சுற்று போகும் 200 சிசி வண்டிக்கு இதில் செலவழிப்பது நியாயம். நூறு சிசியில் அந்தச் சூடும் அழுத்தமும் வருவதே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மினரல் ஆயில் ஏறத்தாழ 400 ரூபாய், 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் கிலோமீட்டருக்கு 13 பைசா. சிந்தெட்டிக் 900 ரூபாய், 6,000 கிலோமீட்டர் விட்டால் 15 பைசா. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 60 என்றால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 67 பைசா. ஆக இரண்டு ஆயிலுக்கும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. மூவாயிரத்தில் மாற்றும்போது கசடும் உலோகத் தூளும் பாதி வழியிலேயே வெளியே போய்விடுகின்றன. ஸ்ப்ளெண்டர் வகை எஞ்சினில் மாற்றிப் போடும் காகித ஃபில்டர் கிடையாது. ஒரு கம்பி வலையும், கிராங்க் முனையில் சுழன்று கசடை ஒதுக்கும் கிண்ணமும்தான். நுண்ணிய தூளைப் பிடிக்க ஆளில்லாத எஞ்சினுக்கு, ஆயிலை அடிக்கடி மாற்றுவதே ஃபில்டர். எங்கள் ஓட்டு மினரல் பக்கம் விழுவதற்கு இதுதான் காரணம்.

ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் 800 மில்லி பாட்டிலில் வரும் எம்பி வகையை வாங்குங்கள். பல மாடல்களில் உள்ளே போவது 650, 700 மில்லிதான். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கியர் பெட்டிக்குத் தனியாக ஏறத்தாழ 100 மில்லி எண்ணெய் இருக்கிறது. அதை வருஷக்கணக்கில் யாரும் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். எஞ்சின் ஆயில் மாற்றும்போது அதையும் எப்போது மாற்ற வேண்டும் என்று கையேட்டில் பாருங்கள்.

ஆயிலோடு சேர்த்து ஊற்றச் சொல்லி விற்கும் "எஞ்சின் ட்ரீட்மென்ட்" டியூப்களைத் தவிருங்கள். நல்ல ஆயிலில் மருந்துகள் அளவாகச் சேர்ந்தே வருகின்றன. மேலே ஊற்றும் வழுக்குப் பொருள் கிளட்சைத்தான் முதலில் கெடுக்கும்.

மாற்றும் முறை, நடக்கும் தவறுகள்

வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால்தான் கசடோடு சேர்ந்து வடியும். அரை மணி ஓட்டி வந்த சூட்டோடு திறந்தால் கை வெந்துவிடும். சமதளத்தில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, மேலே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிவிட்டு, கீழே ட்ரெயின் போல்ட்டைத் திறக்கவும். பெரும்பாலான நூறு சிசி வண்டிகளில் 17 நம்பர். ரிங் ஸ்பேனரோ பாக்ஸ் ஸ்பேனரோ பயன்படுத்துங்கள். ஓப்பன் ஸ்பேனர் நழுவி முனை மழுங்கினால் அடுத்தமுறை அந்த போல்ட்டைக் கழற்றுவதே ஒரு நாள் வேலையாகிவிடும்.

பத்து நிமிடமாவது வடியவிட வேண்டும். இக்னிஷனை அணைத்த நிலையில் கிக்கரை நாலைந்து தடவை மெதுவாக மிதித்தால் உள்ளே தங்கியதும் இறங்கும். கடைகளில் அவசரத்தில் இரண்டே நிமிடத்தில் போல்ட்டை மாட்டிவிடுகிறார்கள். கால் டம்ளர் கருப்பு எண்ணெய் உள்ளேயே தங்கி, புது ஆயிலை அன்றே கருக்கவைக்கும்.

போல்ட்டுக்கு அடியில் ஒரு அலுமினிய வாஷர் இருக்கும். ஒருமுறை நசுங்கினால் அது மறுபடி ஒட்டாது. சில ரூபாய் விலை. ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். பழைய வாஷரோடு மாட்டினால் கசியும், கசிவை நிறுத்த இன்னும் முறுக்குவார்கள், அலுமினியக் கேஸின் மரை போய்விடும். ட்ரெயின் மரை போவதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு தடவை காரணம் இந்த வாஷரை மிச்சம் பிடித்ததுதான். முறுக்கும் அளவு சுமார் 25 நியூட்டன் மீட்டர். டார்க் ஸ்பேனர் இல்லையென்றால், கையால் கடைசிவரை திருகி, சின்ன ஸ்பேனரால் வாஷர் நசுங்குவது கையில் தெரியும்வரை, ஏறத்தாழ கால் சுற்று, திருப்பி நிறுத்துங்கள். நீளமான குழாயை ஸ்பேனரில் மாட்டி முறுக்குவது கூடாது.

அடுத்தது அளவு. கையேட்டில் இரண்டு எண்கள் இருக்கும்: ஆயில் மட்டும் மாற்றும்போது பிடிப்பது, எஞ்சினை முழுக்கப் பிரித்துச் சேர்க்கும்போது பிடிப்பது. முதல் எண் 100 முதல் 200 மில்லி குறைவு. பாட்டிலில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவையும் கவிழ்த்துவிடாதீர்கள். 700 மில்லி ஊற்றி, வண்டியை மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு, அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பாருங்கள். ஆயில் அளவு காட்டும் கேஜ் கம்பியைத் துணியால் துடைத்துவிட்டு நுழைக்க வேண்டும். ஸ்ப்ளெண்டர் வகை வண்டிகளில் திருகாமல், வாயில் உட்காரவைத்தாலே போதும். திருகிப் பார்த்தால் கம்பி இன்னும் ஆழமாக இறங்கி, இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். சைடு ஸ்டாண்டில் பார்த்தாலும் கணக்கு தப்பும். மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் இடையில், மேல்கோட்டை ஒட்டி நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கவும்.

அதிகமாக ஊற்றுவதும் கெடுதல்தான். கிராங்க் எண்ணெயை அடித்து நுரையாக்கும். நுரையைப் பம்ப் இழுத்தால் அழுத்தம் விழும். மிஞ்சியது, எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போய் ஃபில்டரை நனைக்கும், சீல்களில் கசியும். ஏர் ஃபில்டரில் எண்ணெய் இருக்கிறது என்று வண்டியைக் கொண்டுவந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஆயில் அளவை.

வடிந்த ஆயிலைப் பாருங்கள்

இதை எந்த பில்லும் சொல்லாது, ஆனால் எஞ்சினின் ரத்தப் பரிசோதனை இதுதான். ஆயில் கருத்திருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம்; டிடர்ஜென்ட் தன் வேலையைச் செய்து கரியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். மூவாயிரம் கிலோமீட்டர் ஓடியும் தேன் நிறத்தில் தெளிவாக வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

பாலோ காபியோ போல் வெளுத்து வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மழையில் முங்கியது, வாட்டர் சர்வீஸில் பிரீதர் பக்கம் பீய்ச்சியது, அல்லது தினமும் ஒரு கிலோமீட்டர் மட்டும் ஓட்டி எஞ்சின் சூடேறாமலே நிறுத்துவது, இவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். கடைசிக் காரணத்தால் ஊற்றும் மூடியின் உட்பக்கம் வெள்ளைக் களிம்பு ஒட்டியிருக்கும். வாரத்துக்கு ஒருமுறையாவது இருபது நிமிடம் தொடர்ந்து ஓட்டினால் அந்த ஈரம் ஆவியாகிவிடும்.

பெட்ரோல் வாடை அடித்து, தண்ணியாக, ஊற்றியதைவிட அதிகமாக வடிந்தால் கார்புரேட்டர் ஃப்ளோட் நீடில் சரியாக அடைக்கவில்லை. நிறுத்தியிருக்கும்போது பெட்ரோல் கசிந்து எஞ்சினுக்குள் இறங்குகிறது. 2020 ஏப்ரலுக்கு முந்தைய பிஎஸ்-4 புகைத் தர வண்டிகளிலும், அதற்கும் பழைய வண்டிகளிலும் இது வரும். நீடிலைச் சரி செய்யாமல் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை. அதுவரை நிறுத்தும்போதெல்லாம் தொட்டிக்கு அடியில் உள்ள பெட்ரோல் குழாயை மூடிவிடுங்கள்.

ஊற்றியதில் பாதிதான் திரும்ப வருகிறதென்றால் புகையைக் கவனிக்கவும். காலை ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை வந்து நின்றால் வால்வு சீல். ஆக்சிலேட்டர் முறுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது போர். முன்னது சின்ன வேலை, பின்னது பெரிய வேலை. இரண்டையும் குழப்பிக்கொண்டு ரீபோருக்குச் சம்மதித்துவிடாதீர்கள்.

புது வண்டியின் முதல் சர்வீஸில், 500 முதல் 750 கிலோமீட்டருக்குள், ஆயிலில் மினுமினுப்பு தெரிவது இயல்பு. பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் தூள் அது. அந்த முதல் மாற்றத்தை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. பிறகு எப்போதாவது கண்ணுக்குத் தெரியும் செதில்கள் வந்தால் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் கியர், பேரிங் போன்ற எஃகு. ஒட்டாமல் வெள்ளையாக இருந்தால் அலுமினியம், பெரும்பாலும் பிஸ்டன். எதுவானாலும் எஞ்சினைப் பிரித்துப் பார்க்க வேண்டிய நேரம்.

எத்தனை கிலோமீட்டர்

ஹீரோவின் அட்டவணையில் 6,000 கிலோமீட்டருக்கு மாற்றுவதும் நடுவில் 3,000-இல் குறைந்ததை நிரப்புவதும் இருக்கும். சீரான சாலையில் நிற்காமல் ஓடும் வண்டிக்கு அது பொருந்தும். மீட்டர் தூரத்தைத்தான் எண்ணுகிறது, எஞ்சின் ஓடிய நேரத்தை எண்ணுவதில்லை. நெடுஞ்சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் 3,000 கிலோமீட்டர் என்பது 60 மணி நேரம். நகரத்தில் சராசரி 20 என்றால் அதே தூரத்துக்கு 150 மணி நேரம், அதுவும் சூட்டில். நகரத்துக்கு மினரல் ஆயில் என்றால் 3,000-இல் மாற்றிவிடுங்கள். உணவு டெலிவரி செய்கிறவர்கள் நாளைக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டினால் மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டிவரும். கஷ்டமான செலவுதான், ஆனால் அந்த வண்டிதான் அவர்கள் சம்பாத்தியம். அதிகம் ஓட்டாமல் நிற்கும் வண்டிக்கு கிலோமீட்டர் பார்க்காமல் வருஷத்துக்கு ஒருமுறையாவது மாற்றவும். நிற்கும்போதும் ஈரமும் அமிலமும் சேரும்.

500 கிலோமீட்டருக்கு ஒருமுறை கேஜ் கம்பியைப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. எஞ்சின் சுழலாமல் இறுகிப்போய், அதாவது சீஸாகி, வரும் வண்டிகளில் ஆயில் கெட்டதைவிட ஆயிலே இல்லாமல் போனதுதான் அதிகம். அவசரத்துக்கு வேறு கம்பெனி ஆயிலைச் சேர்க்கலாமா என்றால், அதே கிரேடு, அதே எம்ஏ குறி இருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். மினரலும் சிந்தெட்டிக்கும் கலந்தாலும் திரிந்துபோகாது.

வாங்கும்போது

அடையாளமே இல்லாமல் கேனிலிருந்து அளந்து ஊற்றும் லூஸ் ஆயிலை வாங்காதீர்கள். பழைய ஆயிலை வடிகட்டி நிறமேற்றினால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பாட்டிலில் மூடியின் வளையம் அறுபடாமல் இருக்க வேண்டும், அடியில் ஒட்டிய தகடு முழுதாக இருக்க வேண்டும், தயாரித்த மாதம், பேட்ச் எண், எம்ஆர்பி தெளிவாக அச்சாகியிருக்க வேண்டும். உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். காலி பாட்டிலைக் கேட்டு வாங்கி, கத்தியால் கிழித்துவிட்டுப் போடுங்கள். முழு பாட்டிலாகப் போனால் போலி ஆயிலை நிரப்புவதற்கு அதுவே போய்ச் சேரும்.

வடித்த ஆயிலை செயினுக்குத் தடவும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதில் இருக்கும் உலோகத் தூள் செயின் ரோலரையும் பல்சக்கரத்தையும் அரைக்கும். செயினுக்கு 90 நம்பர் கியர் ஆயில் போடுங்கள். மீதி வடிசலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றுவதும், குப்பையோடு எரிப்பதும் கூடாது. 2016 விதிகளின்படி பழைய எஞ்சின் ஆயில் அபாயக் கழிவு. வீட்டில் மாற்றினால் ஒரு காலி கேனில் அடைத்து, பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர்களுக்கு ஆயில் சேர்த்துக் கொடுக்கும் சர்வீஸ் சென்டரில் ஒப்படையுங்கள். கேனில் தண்ணீரோ பெட்ரோலோ கலக்காமல் இருந்தால்தான் அதை மறுபடி சுத்தமாக்கி அடிப்படை எண்ணெயாக மாற்ற முடியும்.